ரிக் மாஸ்ட்டில் வெல்டு ஓரமாகத் திரும்பத் திரும்ப விரிசல்: பீனிங் (வெல்டு ஓரத்தைத் தட்டித் தட்டி அமுக்குவது) செய்தவர்கள் உதவுங்கள்

வணக்கங்க. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிக்கு மாஸ்ட் (துளையிடும் கருவியைத் தாங்கி நிற்கும் உயரச் சட்டம்) செய்யும் சின்னப் பட்டறை எங்களுடையது. சித்திரையில் கொடுத்த வண்டியில் ஐப்பசியிலேயே விரிசல். சிலிண்டர் பிராக்கெட் உட்காரும் இடத்தில், வெல்டு முடிந்து பிளேட் தொடங்கும் ஓரக்கோட்டில், முடி கனத்துக்கு. 10 மி.மீ. பிளேட், ஐ.எஸ். 2062 இ350 ரக இரும்பு, மிக் வெல்டிங் (கம்பி தானாக ஓடும் வெல்டிங்).

தோண்டி எடுத்து, டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) போட்டுப் பார்த்து, மறுபடி வெல்டு வைத்தோம். மூன்று மாதம்தான் தாங்கியது. அப்புறம் கசெட் (மூலைக்குத் தாங்கலாக வைக்கும் பிளேட்) போட்டோம். விரிசல் கசெட் முனைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். உயர் ரக இரும்புக்கு மாறச் சொல்கிறார்கள். வெறும் வெல்டாக விட்டால் எந்த இரும்பானாலும் ஓரத்தின் ஆயுள் அதிகமாகாது என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. வெல்டு ஆறும்போது அங்கே தங்கிவிடும் இழுவிசையை அமுக்கு விசையாக மாற்ற வேண்டும். அதற்காக நீடில் ஸ்கேலரில் (ஊசிக்கட்டால் தட்டும் கருவி) 3 மி.மீ. ஊசி வைத்து அடித்தோம். பள்ளம் சீராக விழவில்லை, பழைய ஓரக்கோடு அங்கங்கே தெரிகிறது. மாஸ்ட்டுக்குக் கீழே ஆட்கள் நின்று வேலை செய்கிறார்கள், மனசு கேட்கவில்லை.

உருண்டை முனை கொண்ட ஒற்றைப் பின்னால் ஹாமர் பீனிங் செய்தவர்கள் சொல்லுங்கள்: ஓரக்கோடு முழுதும் மறைந்து, 0.2 முதல் 0.6 மி.மீ. ஆழத்துக்குச் சீரான பள்ளம் விழ எத்தனை தடவை ஓட்டினீர்கள்?