பிரனேசியின் கொலோசியம்: எந்தக் காலத்து அச்சு?

நண்பர்களுக்கு வணக்கம். பழைய புத்தகக் கடையொன்றில், 18ஆம் நூற்றாண்டு இத்தாலிய அச்சுப்படக் கலைஞர் பிரனேசியின் கொலோசியம் (ரோமின் பழங்கால வட்டரங்கு) அச்சுப்படம் ஒன்று கிடைத்தது. இடிந்த வளைவுகளின் மேல் செடிகள் முளைத்துக் கிடக்கின்றன. அடியில் எறும்பளவு மனிதர்கள். நாளெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கலாம்! விரலால் தடவினால் மைக்கோடுகள் சற்றே புடைத்திருக்கின்றன. படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடமும் உண்டு. செப்புத் தகட்டு அச்சுதான் என்று நம்புகிறேன். ஆனால் 1778இல் அவர் இறந்த பின்பும் அதே தகடுகளிலிருந்து ரோமிலும் பாரிஸிலும் படங்கள் அச்சாகியிருக்கின்றன. வெளிச்சத்தில் பிடித்தால், தாளில் வட்டத்துக்குள் ஒரு லில்லிப் பூ நீர்க்குறியாக (தாள் செய்யும்போதே அதில் பதியும் அடையாளம்) தெரிகிறது. இதை வைத்துக் காலத்தைச் சொல்ல முடியுமா? ஓரங்களில் பழுப்புப் புள்ளிகள் வேறு பரவுகின்றன. படத்துக்குச் சட்டம் போடும் முன் என்ன செய்ய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள். புகைப்படங்களை இணைத்திருக்கிறேன்.