கம்ப்யூட்டர் மதர்போர்டோட பவர் கனெக்டரால வந்த ரிப்பேர் கேஸ் இருந்தா இங்க எழுதுங்க

கல்லுக்கட்டி_கம்ப்யூட்டர்:
பலகாரக் கடை பில்லிங் மெஷின். தூசி தட்டிட்டு மாட்டினதுல இருந்து ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரலை. ரேமை ரப்பர் வச்சுத் தேய்ச்சாச்சு, மானிட்டரையும் மாத்திப் பார்த்தாச்சு. ப்ராசஸர் பக்கத்து 8 பின் சாக்கெட் காலி! அதுக்கான 4+4 வயர் கேபினெட் பின்பக்கம் சுருண்டு கிடக்கு. போர்டோட பெரிய 24 பின் பவர் கனெக்டர் மட்டும் இருந்தாலே ஃபேன், யூஎஸ்பி எல்லாம் முழிச்சுக்கும். ப்ராசஸருக்கு 12 வோல்ட் போறது தனி வழி.

புதுவயல்_வயர்மேன்:
காலியா இருந்ததால தப்பிச்சுது அண்ணே. அதே சாக்கெட்ல கிராபிக்ஸ் கார்டு வயரைத் திணிச்ச போர்டு ஒண்ணு கோட்டையூர்ல இருந்து வந்துச்சு. பட்டனை அமுக்கினா 'டிக்', ஃபேன் அரைச் சுத்து சுத்தி நின்னுடும். சாக்கெட் ஓட்டையோட விளிம்பு வெள்ளை வெள்ளையா நசுங்கிக் கிடந்துச்சு, பார்த்ததும் புரிஞ்சுபோச்சு.
சிபியு (ப்ராசஸர்) வயர்ல லாக் இருக்கற பக்கம் நாலும் மஞ்சள், எதிர்ப்பக்கம் நாலும் கருப்பு. கிராபிக்ஸ் 8 பின் வயர்ல தலைகீழ்: லாக் பக்கம் நாலும் கருப்பு, எதிர்ப்பக்கம் மூணு மஞ்சள், ஒண்ணு கருப்பு. மாத்திக் குத்தினா 12 வோல்ட் நேரா கிரவுண்டுல விழும். எல்லா வயரும் கருப்பா வர்ற மாடல்னா பிரியறதைப் பாருங்க: நாலு நாலா பிரிஞ்சா சிபியு, ஆறும் ரெண்டுமா பிரிஞ்சா கிராபிக்ஸ்.

செக்காலை_சர்வீஸ்:
எதுக்கு இவ்வளவு அலசல்? 24 பின்னைக் கழட்டி, பச்சையையும் கருப்பையும் ஜெம் கிளிப்ல சேருங்க. ஃபேன் சுத்தினா எஸ்.எம்.பி.எஸ் (பவர் சப்ளை பெட்டி) நல்லது, போர்டு காலி. முடிஞ்சுது.

தேவகோட்டை_ரஸ்தா:
தம்பி, ஜெம் கிளிப்ல ஜம்முனு சுத்தின எஸ்.எம்.பி.எஸ்தான் போர்டுல மாட்டினதும் ரீஸ்டார்ட் ஆகிட்டே இருந்துச்சு. லோடு ஏறினா மஞ்சள்ல 10.9 வோல்ட். கிளிப் டெஸ்ட் எஸ்.எம்.பி.எஸ் எந்திரிக்குதான்னு மட்டும்தான் சொல்லும், சுமை தாங்குமான்னு சொல்லாது.
கனெக்டரைக் கழட்டாம, வயர் நுழையற பின்பக்கமா மீட்டர் முனையை விடுங்க. ஊதாவுல மெஷின் ஆஃப்ல இருந்தாலும் 5 வோல்ட் வரணும். அது இல்லைன்னா பட்டனுக்கே உயிர் இல்லை. பட்டனை அமுக்கினதும் பச்சை, அதாவது எஸ்.எம்.பி.எஸ்ஸை எழுப்பற வயர், 0 பக்கம் இறங்கணும். இறங்கலைன்னா எஸ்.எம்.பி.எஸ்ஸைத் திட்டாதீங்க, போர்டு பக்கமோ பட்டன் வயரோ பாருங்க. அடுத்து சாம்பல், 'பவர் சரியா இருக்கு'ன்னு போர்டுக்குச் சொல்ற வயர், அரை செகண்டுக்குள்ள 5 வோல்ட்டுக்கு ஏறணும். அது வராம போர்டு நகராது. மஞ்சள் 11.4–12.6, சிவப்பு 4.75–5.25, ஆரஞ்சு 3.14–3.47, இதெல்லாம் லோடுல அளக்கணும். 20வது பின்ல வயர் இல்லைன்னு பதறாதீங்க, பழைய -5 வோல்ட் இடம் அது. இப்ப யாரும் கொடுக்கறதில்லை.

கானாடுகாத்தான்_வளவு:
24 பின் கழண்டே வரலைங்க. லாக்கை அமுக்கி, போர்டு வளையாம ஒரு கையால தாங்கி, லேசா ஆட்டி இழுத்தா பிளாஸ்டிக்ல ஒரு துண்டு சாக்கெட்லயே தங்கிடுச்சு. மஞ்சள் போற 10, 11 பின் பழுப்பாகி உருகியிருந்துச்சு. தனி வயர் இல்லாத கிராபிக்ஸ் கார்டு, ஸ்லாட் வழியாவே 12 வோல்ட்ல 5.5 ஆம்பியர் வரைக்கும் இழுக்கலாம், அத்தனையும் இந்த ரெண்டு பின் வழியாத்தான். பிடி நல்லா இருந்தா தாங்கும். தகரப் பூச்சுப் பின்னுக்கு 30 தடவை கழட்டி மாட்டறதுதான் கணக்கு. அதுக்கு மேல ஸ்பிரிங் தளர்ந்து, ரெசிஸ்டன்ஸ் ஏறி, சூடாகும். கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு ஓட்டாதீங்க. வயர் முனையில புது டெர்மினல் (உள்ள இருக்கற உலோகப் பிடி), போர்டுல புது சாக்கெட், ரெண்டும் மாத்தணும். ஒண்ணை மட்டும் மாத்தினா பழசு புதுசையும் கெடுத்துடும்.

பள்ளத்தூர்_பிசி:
மாடுலர், அதாவது வயரெல்லாம் தனியா கழட்டி மாட்டற எஸ்.எம்.பி.எஸ்ஸை யாரும் சொல்லலையே. எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் மாத்திட்டு பழைய வயரை அப்படியே விட்டிருந்தாங்க. ஹார்ட் டிஸ்க் ரெண்டும் போச்சு. போர்டு பக்க முனைக்குத்தான் பொது அளவு இருக்கு, எஸ்.எம்.பி.எஸ் பக்க முனையில ஒவ்வொரு மாடலும் ஒவ்வொரு வரிசை. கச்சிதமாத்தான் நுழையும், 5 வோல்ட் இடத்துல 12 வந்து நிக்கும்.

செக்காலை_சர்வீஸ்:
ரஸ்தா அண்ணே, கடையில கூட்டம் நிக்கும்போது ஆறு வயரை அளந்துட்டு இருக்க முடியுமா?

தேவகோட்டை_ரஸ்தா:
ஊதாவையும் சாம்பலையுமாவது அளந்துட்டு அப்புறம் "போர்டு காலி"ன்னு சொல்லுங்க தம்பி.