காமினோ நடைக்கு மே மாதமா, செப்டம்பரா?

மெல்லநடை:
பிரான்சின் சான் ஜான் பியே த போரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா வரை செல்லும் காமினோ பிரான்செஸ் என்ற கிறித்தவ யாத்திரைப் பாதையை, ஏறத்தாழ 780 கிலோமீட்டரையும், ஒரே மூச்சில் நடந்து முடிக்க விரும்புகிறேன். 35 நாள் விடுப்பு உறுதியாகிவிட்டது. மே முதல் வாரத்தில் தொடங்குவதா, செப்டம்பர் நடுவில் தொடங்குவதா என்பதில்தான் குழப்பம். நடந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

தொலைவழி:
செப்டம்பர்தான். முதல் நாளே பிரனீஸ் மலையில் ஏறத்தாழ 1,250 மீட்டர் ஏற வேண்டும். அந்த உயரத்தில் மே தொடக்கத்தில்கூடப் பனி பொழிவதுண்டு. வசந்தகால மழைக்குப் பின் பாம்ப்லோனாவைத் தாண்டிய பெர்தோன் மேட்டில் நான் பட்ட பாடு இன்னும் நினைவிருக்கிறது. பத்தடிக்கு ஒருமுறை களிமண் காலணியின் அடியில் இட்லித்தட்டு அளவுக்கு அப்பிக்கொள்ளும். கல்லில் தட்டி உதிர்த்துவிட்டு நிமிர்ந்தால் மறுபடியும் அதே கதை. செப்டம்பரில் மண் இறுகிக் கிடக்கும், மலைவழி தெளிந்திருக்கும், ரியோஹாவை அடையும்போது திராட்சை அறுவடை நடந்துகொண்டிருக்கும்.

விடியல்:
தொலைவழி அவர்கள் முதல் வாரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டார் என்பதே என் மறுப்பு. ஐந்து வார நடை ஒரு பருவத்துக்குள் அடங்குவதில்லை. எந்த நாளில் எந்த நிலத்தில் இருப்போம் என்று கணக்கிட்டுத்தான் தொடங்கும் தேதியைக் குறிக்க வேண்டும். செப்டம்பர் 15-இல் கிளம்புபவர் பாதையின் கடைசிப் பகுதியான கலீசியாவுக்குள் நுழைவது அக்டோபர் நடுவில், அதாவது அங்கே மழை வலுக்கத் தொடங்கும் வேளையில். மே தொடக்கத்தில் கிளம்புபவரோ அதே இடத்தை ஜூன் தொடக்கத்தில், ஒப்பீட்டளவில் மழை குறைந்த நாட்களில் கடக்கிறார்.

பகல் நேரத்தையும் பாருங்கள். செப்டம்பர் நடையில் நாளுக்கு மூன்று நிமிடம் வீதம் பகல் சுருங்கி, முடிப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் கைவிட்டுப் போகிறது. ஸ்பெயின் தன் இருப்பிடத்துக்குப் பொருந்தாத மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றுவதால், அக்டோபர் நடுவில் கலீசியாவில் சூரியன் உதிப்பதே காலை 8.40-க்கு மேல்தான். விடுதிகளிலோ பெரும்பாலும் எட்டு மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். அப்படி ஒரு காலையில், தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு மதில்மேல் இருந்த, வழிகாட்டும் மஞ்சள் அம்புக்குறியைத் தவறவிட்டு இரண்டு கிலோமீட்டர் நடந்து, அதே இரண்டைத் திரும்பவும் நடந்தேன்.

தொலைவழி:
விடியல் என்று பெயர் வைத்துக்கொண்டு இருட்டுக்கு இவ்வளவு அஞ்சலாமா? பகல் குறைகிறது என்பது உண்மை, ஆனால் அதற்குள் கால்களும் பழகிவிடுகின்றன. கடைசி வாரத்தில் நாளுக்கு 25 கிலோமீட்டர் என்பது ஆறேழு மணி நேர வேலை, பதினொரு மணி நேரப் பகல் அதற்குத் தாராளம். மறுபுறம், புர்கோஸிலிருந்து லெயோன் வரை மெசேத்தா சமவெளியில் நிழல் கிடையாது. கார்ரியோன் என்ற ஊரைத் தாண்டியதும் 17 கிலோமீட்டருக்கு ஊரே வராது. மே இறுதியில் அங்கே ஒரு வெப்ப அலை வந்தால் மெல்லநடை என்ன செய்வார்?

விடியல்:
அதே வெப்பம் செப்டம்பர் இறுதியிலும் வரலாம். மே இறுதி என்றால் ஐந்தரை மணிக்கே புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் அந்த 17 கிலோமீட்டரை முடித்துவிடலாம். ஆறேகாலுக்கெல்லாம் கிழக்கு வானம் வெளுத்துவிடும். செப்டம்பர் இறுதியில் ஏழரைக்கும் இருட்டுதான்.

மைல்கல்:
குளிர்காலத்தை யாருமே சொல்லவில்லையே? கூட்டம் அறவே இருக்காது.

தொலைவழி:
நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை பிரனீஸின் மேல்வழி சட்டப்படியே மூடப்பட்டிருக்கும். பள்ளத்தாக்கு வழியாகத்தான் செல்ல வேண்டும். விடுதிகளிலும் பல பூட்டிக் கிடக்கும். முதல் நடைக்கு அது வேண்டாம். இதில் மட்டும் விடியலும் நானும் ஒரே கட்சி என்று நினைக்கிறேன்.

மெல்லநடை:
ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். என் விடுப்பு 2027-இல்.

விடியல்:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! 2027-இல் சந்தியாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமை வருவதால் அது யாத்திரிகர் கூட்டம் பெருகும் புனித ஆண்டு. யாத்திரைச் சான்றிதழுக்குக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தால் போதும் என்பதால், அந்தத் தொலைவுக்குச் சற்று முன்னுள்ள சாரியா என்ற ஊரிலிருந்து தொடங்குபவர்களின் கூட்டம் அந்த ஆண்டு இன்னும் பெருகும். பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முன், ஜூன் முதல் வாரத்திலேயே அந்தப் பகுதியைத் தாண்டிவிடுவது நல்லது.

தொலைவழி:
புனித ஆண்டு டிசம்பர் வரை நீள்வது. கோடை நெரிசல் வடிந்த அக்டோபரும் அதில் அடக்கம்தான். ஆனாலும் 2027 என்றால் என் வாதத்தின் வலு சற்றுக் குறைகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மெல்லநடை:
மே 4-இல் தொடங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். இருவருக்கும் நன்றி.

தொலைவழி:
முதல் நாள் ஏற்றத்துக்குக் கையுறையும் காதை மூடும் தொப்பியும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். ரியோஹாவில் திராட்சைக்குப் பதிலாக வெறும் தளிர்களைத்தான் பார்க்கப்போகிறீர்கள் என்பது மட்டுமே என் வருத்தம்.