தனி டிரான்ஸ்மிஷன் கூலர் மாட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆட்டோமேட்டிக் வண்டியில் டிரெய்லர் இழுக்கிற பலரும் இன்ஜின் சூட்டை மட்டும்தான் கவனிக்கிறார்கள். கியர்பாக்ஸ் ஆயில் எவ்வளவு சூட்டில் ஓடுகிறது என்று பெரும்பாலான டேஷ்போர்டுகள் காட்டுவதே இல்லை. நான் வண்டிக் கம்ப்யூட்டரின் அளவுகளைப் படிக்கும் ஓ.பி.டி. அடாப்டரைச் செருகி போனில் பார்த்துக்கொண்டேன். சமதளத்தில் 85, 90 டிகிரி. டிரெய்லரோடு மலை ஏறத் தொடங்கியதும் 115ஐத் தாண்டியது. இன்ஜின் முள் அசையவே இல்லை.

சூடு வருவது, இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்டரிலிருந்து. மெதுவாக ஏறும்போது, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் பிடிக்காது. இன்ஜின் சக்தியில் ஒரு பங்கு ஆயிலைக் கலக்குவதிலேயே வீணாகும். ரேடியேட்டருக்குள் ஒரு கூலர் இருக்கிறதே என்பீர்கள். அதைச் சுற்றி ஓடும் கூலன்ட்டே நல்ல சூட்டில் இருக்கும்போது ஆயிலை அதற்குக் கீழே எப்படி இறக்கும்? அதனால் காற்றில் ஆறும் தனி கூலர், அடுக்குத் தட்டு வகை, வாங்கினேன்.

கூலரை மாட்டுவது சுலபம். வேலையெல்லாம் ஆயில் ஓடும் குழாயில், அதாவது லைனில்தான். ஆயில் முதலில் ரேடியேட்டருக்குப் போய், அப்புறம் புதுக் கூலருக்கு வந்து, அங்கிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்ப வேண்டும். அப்படியென்றால் ரிட்டர்ன் லைன் எது என்று தெரிய வேண்டும். ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரில் சேரும் இரண்டு லைனையும் தொட்டுப் பார்த்தேன் (ஃபேன் பக்கம் கை போகாமல்!). முதலில் சூடேறுவது கியர்பாக்ஸிலிருந்து வருவது, மற்றது ரிட்டர்ன். சந்தேகம் தீர, ரேடியேட்டர் முனையில் கழற்றி, பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஓரிரு வினாடி ஓடவிட்டும் பார்த்துக்கொண்டேன்.

புதுக் கூலரை இணைக்க ரிட்டர்ன் குழாயை அறுத்த பிறகு நுனி வழவழவென்று இருந்தால், கிளாம்ப்பை எவ்வளவு முறுக்கினாலும் ஹோஸ் ஒருநாள் நழுவிவிடும். நுனிக்குச் சற்று உள்ளே சுற்றிலும் ஒரு மேடு எழும்பியிருக்க வேண்டும். குழாய் நுனியை விரித்து மடிக்கும் டபுள் ஃப்ளேர் டூலில் முதல் கட்டத்தோடு நிறுத்தினால் அது கிடைக்கும். ஹோஸும் டிரான்ஸ்மிஷன் ஆயிலுக்கென்றே வரும் எஸ்ஏஇ ஜே1532 ரகமாக இருக்கட்டும். கூலன்ட் ஹோஸ் ஆயில் பட்டால் ஊறி உப்பிவிடும்.

கூலரோடு வந்த பிளாஸ்டிக் கம்பிகளை, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சரின் துடுப்புகளுக்குள் குத்தி இழுத்துக் கட்டச் சொல்கிறார்கள். நான் தூக்கிப் போட்டுவிட்டேன். அதிர்வில் உரசி உரசி ஏ.சி. குழாயில் ஓட்டை விழுந்தால் யார் பார்ப்பது? இரும்புப் பட்டையில் பிராக்கெட் செய்து, கண்டென்சரில் படாமல் இடைவெளி விட்டு மாட்டினேன். கூலரும் ஹோஸும் குடிக்கும் ஆயிலை ஊற்றி, கையேடு சொல்லும் சூட்டில் அளவு பார்த்தேன். அதே டிரெய்லர், அதே ஏற்றம்: இப்போது 98ஐத் தாண்டவில்லை.

* * *

நான் ரேடியேட்டரையே லைனிலிருந்து விலக்கிவிட்டேன் சார். என் பழைய வண்டியில் உள்ளே இருந்த கூலர் துருப்பிடித்து, கூலன்ட்டும் ஆயிலும் கலந்துவிட்டன. டிப்ஸ்டிக்கை உருவினால் வெளிறிய ரோஜா நிறத்தில் நுரை. வண்டி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் படலம் தண்ணீர் பட்டால் உரிந்துவிடுமாமே. உரிந்தேவிட்டது. கியர்பாக்ஸைப் பிரித்தபோது அடியிலுள்ள ஆயில் தட்டில் அதன் துணுக்குகள். அதற்குப் பிறகு பெரிய கூலர் ஒன்றே போதும் என்று முடிவு செய்துவிட்டேன்.

* * *

உங்கள் பயம் புரிகிறது அண்ணே. ஆனால் குளிர்ப் பிரதேசத்தில் ஓட்டுகிறவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம். ரேடியேட்டர் கூலர் ஆயிலை ஆற்றுவது மட்டுமில்லை, காலையில் சூடேற்றவும் செய்கிறது. நான் விலக்கிப் பார்த்தேன். நெடுஞ்சாலையில்கூட 50 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. ஆயில் சூடாகும் வரை கம்ப்யூட்டர் லாக்-அப்பைப் பிடிக்க விடாது, ஆர்.பி.எம். கூடுதலாகவே ஓடும், பெட்ரோல் செலவு தனி. கடைசியில் லைனில் ஒரு தெர்மோஸ்டாட் வைத்தேன். ஆயில் சூடான பிறகுதான் அது கூலருக்கு முழுதாகத் திறக்கும். இப்போது 80க்குப் பக்கத்தில் நிற்கிறது.

* * *

பட்டறை வைத்திருக்கிறேன், ஒன்று மட்டும் சொல்கிறேன். கியர் ஸ்லிப் ஆகிறது, கூலர் மாட்டுங்கள் என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். தேய்ந்த கிளட்ச்சைக் கூலர் சரிசெய்யாது. கியர்பாக்ஸ் மாற்றிய வண்டிக்குப் பழைய கூலரைக் கழுவி மாட்டச் சொன்னாலும் மாட்டமாட்டேன். அடுக்குத் தட்டுக்குள் சிக்கிய இரும்புத் தூள் எவ்வளவு அலசினாலும் முழுதாக வெளியே வராது. புதிது வாங்கி வாருங்கள் என்பேன், கூடவே ரிட்டர்ன் லைனில் ஒரு ஃபில்டரும்.