ஆடியில் பேரமா, தையில் பத்திரமா?

நங்கநல்லூர்க்காரன்:
மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் 80 லட்சத்துக்குள் டபுள் பெட்ரூம் ஃப்ளாட் பார்க்கிறோம். புதிதானாலும் சரி, ரீசேல் ஆனாலும் சரி. ஆடியில் விலை படியும் என்கிறார் தரகர். தை பிறக்கட்டும் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். எது சரி?

கணக்குப்புலி:
ஆடிதான், சந்தேகமே வேண்டாம். ஜூலை 17 வாக்கில் ஆடி பிறந்ததும் பில்டர் ஆபீஸில் ஈ ஓட்டுவார்கள். ஆனால் மாடுலர் கிச்சன் இலவசம், ரெண்டு ஏசி இலவசம் என்றால் மயங்காதீர்கள். சதுர அடிக்கு 200 ரூபாய் குறைக்கச் சொல்லுங்கள். 1,000 சதுர அடிக்கு 2 லட்சம். கட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளாட் என்றால் அந்த 2 லட்சத்துக்கான 5% ஜிஎஸ்டி 10,000, முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்ந்த 7% ஆக 14,000, இரண்டும் கூடவே குறையும். பத்திர விலை அரசின் வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போகக்கூடாது, அவ்வளவுதான். இலவச கிச்சனில் இந்த லாபம் கிடையாது.

மழைக்கோட்டு:
புலி சார், ஆடியில் பார்த்தால் பள்ளிக்கரணையும் பாலைவனம்தான். இவர் கேட்கும் ஏரியா சதுப்புநிலத்தை ஒட்டியது. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் மறந்துவிட்டதா? ஐப்பசி, கார்த்திகையில், மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். முதலில் கார் பார்க்கிங். தரையிலிருந்து மூன்றடி, நாலடி உயரம்வரை மட்டும் புது பெயின்ட் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஈபி மீட்டர் போர்டைப் பின்னால் உயரத்துக்கு மாற்றியிருக்கிறார்களா, லிஃப்ட் குழியில் பம்ப் போட்டிருக்கிறார்களா, சம்ப் மூடி ரோட்டைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே ரோடு போட்டுப் போட்டு எத்தனையோ வீடுகள் இங்கே பள்ளத்துக்குப் போய்விட்டன. சம்ப்பில் சாக்கடை கலப்பது அப்படித்தான். நம் ஊர் மழை வடகிழக்கிலிருந்து அடிப்பது. கிழக்கு, வடக்குச் சுவர்களைத் தடவிப் பார்த்தால் ஓதம் தெரியும். மேல்மாடி என்றால் சீலிங்கில் உப்பு பூத்திருக்கும்.

கணக்குப்புலி:
மழையில் பார்ப்பதை யார் தடுத்தார்கள்? மழை முடிந்து தை பிறந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் பேரம் எங்கே?

தண்ணிலாரி:
இருவருமே மே மாதத்தை விட்டுவிட்டீர்கள். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்ட ஊர் இது. கத்திரி வெயிலில் அசோசியேஷன் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: மாதம் எத்தனை லாரி, ஒரு லாரி எவ்வளவு, போர் எத்தனை அடி, கடைசியாக எப்போது ஆழப்படுத்தினார்கள். போர் தண்ணீரின் டிடிஎஸ்ஸையும், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவையும், அளந்துவிடுங்கள் (வருமான வரி டிடிஎஸ் அல்ல, அது தனிக் கதை). 500-க்குள் என்றால் நல்லது, 2,000-ஐத் தாண்டினால் கீசரும் குழாயும் உப்படைத்துக்கொண்டே இருக்கும். விற்பவர் "கார்ப்பரேஷன் தண்ணி வருது" என்றால், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேளுங்கள்.

மூலப்பத்திரம்:
மாதச் சண்டை இருக்கட்டும், கையில் எவ்வளவு வேண்டும்? 80 லட்சம் ரீசேல் என்றால், 75 லட்சம்வரையான கடனுக்கு வங்கி தரக்கூடிய உச்சம் 80%, அதாவது 64 லட்சம். மீதி 16 லட்சம் உங்கள் பணம். முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 7.2 லட்சம், இதை வங்கி வீட்டு விலையில் சேர்க்காது. கையில் 23 லட்சத்துக்கு மேல் இல்லாமல் ஆடி என்ன, தை என்ன? பில்டரிடம் முதல் விற்பனையில் இந்த விலைக்கு 7% போதும், 5.6 லட்சம். 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 1% டிடிஎஸ், இங்கே 80,000, விற்பவருக்குத் தரும் தொகையிலிருந்து நீங்கள் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். இதை மறந்தால் வட்டி, அபராதம் எல்லாம் வாங்கியவர் தலையில்.

தை முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வழக்கமான 100 டோக்கனை 150 ஆக்குகிறார்கள். அந்தக் கூட்டத்தில் பத்திரத்தின் பக்கங்களைச் சரிபார்க்க நேரம் இருக்காது. சர்வே எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் பிழைதிருத்தல் பத்திரம் போட மறுபடி விற்றவரைத் தேடி அலைய வேண்டும்.

கணக்குப்புலி:
மார்ச்சை யாரும் சொல்லவில்லையே. வருடக் கணக்கு முடிக்க பில்டர் இறங்கி வருவார்.

மூலப்பத்திரம்:
வருவார். வங்கி வக்கீலும் மதிப்பீட்டு இன்ஜினியரும் வரமாட்டார்கள், அவர்களுக்கும் அதே மார்ச். லீகல் ஒப்பீனியன் இழுத்துக்கொண்டு போகும். வட்டியை நினைத்து மாதம் பார்க்க வேண்டாம். ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டியோடு இணைந்த கடனில் ரெப்போ குறைந்தால் மூன்று மாதத்துக்குள் உங்கள் வட்டியும் மாறிவிடும்.

நங்கநல்லூர்க்காரன்:
சரி சார், மே மாதம் தண்ணீர், கார்த்திகையில் மழை, இரண்டும் பார்த்துவிட்டு அடுத்த ஆடியில் பேசுகிறேன். ஆனால் ஆடியில் ரீசேல் ஓனர் அட்வான்ஸ் வாங்குவாரா?

மூலப்பத்திரம்:
ஆடிப்பெருக்கன்று வாங்குவார், அது நல்ல நாள் கணக்கு. அதற்குள் 30 வருட வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், சிஎம்டிஏ (பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதித்த பிளான், கட்டட முடிவுச் சான்று எல்லாம் வக்கீல் கையில் இருக்கட்டும். அட்வான்ஸை வெறும் ரசீதில் கொடுக்காதீர்கள். விற்பனை உடன்படிக்கையாக எழுதிப் பதிவு செய்யுங்கள். லோன் நிராகரிக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வர வேண்டும் என்ற வரி அதில் இருக்கட்டும். கிரயத்துக்கு ஆவணியில் முகூர்த்தம் இல்லாத ஒரு செவ்வாயைப் பிடியுங்கள், வீட்டில் ஒப்புக்கொண்டால். அன்று காலை இன்னொரு முறை வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.