மாமாவோட 1994 ஸ்கீ சாமான்: நிசேக்கோவுக்குக் கொண்டு போகலாமா?

செந்தூல்வாசி:
மாமா கால்கரியில படிச்சப்போ வாங்கின மூட்டை, செந்தூல் வீட்டு ஸ்டோர்ல 30 வருஷமா கிடக்கு. 195 செ.மீ. ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை), பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோட பிடிச்சு வைக்கிற பூட்டு), பூட்ஸ், அலுமினியக் கம்பு, கம்பளி ஸ்வெட்டர், தண்ணி புகாத கோர்டெக்ஸ் ஜாக்கெட். பூட்ஸ் பத்து நாள்கூட போட்டதில்ல, இன்னும் பளபளன்னு இருக்கு. ஜனவரியில ஜப்பான்ல நிசேக்கோவுக்குப் பனிச்சறுக்குக்குப் போறேன். எல்லாத்தையும் வாடகைக்கு எடுன்னு வீட்டுல சொல்றாங்க. எனக்கு மனசு வரல. அந்தக் காலத்துல கெட்டியா செஞ்சாங்க. இப்ப விக்கிறது அஞ்சு வருஷம் தாங்குமா?

பட்டர்வொர்த்_அக்கா:
தம்பி, ஜாக்கெட், ஸ்வெட்டர் கொண்டு போங்க. பூட்ஸை மட்டும் காலில போடாதீங்க. நான் பட்டிருக்கேன். 2005-ல வாங்கினது, நாலே தடவை போட்டு பெட்டியில பத்திரமா வெச்சது. பல வருஷம் கழிச்சு ஜப்பான்ல ஹக்குபாவுக்குக் கொண்டு போனேன். ரெண்டாவது நாள் முதல் வளைவுலயே பூட்ஸோட வெளி ஓடு பிளந்துடுச்சு. குதிகால் துண்டு பைண்டிங்லயே நின்னுச்சு, நான் பத்தடி கீழே கிடந்தேன்.

தேய்ஞ்சு போகல, அதைப் புரிஞ்சுக்குங்க. ஓடு பாலியூரித்தேன்ங்கிற பிளாஸ்டிக். காத்துல இருக்கிற ஈரம் உள்ளே புகுந்து அதோட மூலக்கூறுப் பிணைப்பை அறுக்கும். நீராற்பகுப்புன்னு பேர். நம்ம ஊர்ல ஈரப்பதம் வருஷம் முழுக்க 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கு. போடாம வெச்சாலும் அது பாட்டுக்கு நடக்கும். பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீங்க.

செந்தூல்வாசி:
அக்கா, உங்களுக்கு அடிபட்டது வருத்தமா இருக்கு. ஆனா ஒரு ஜோடி உடைஞ்சதுக்காக எல்லாமே உடையும்னு சொல்றது நியாயமா? ஹோவர்ட் ஹெட் 1950-ல அலுமினியத் தகட்டையும் பிளைவுட்டையும் ஒட்டி ஸ்கீ செஞ்சார். அது இன்னிக்கும் முழுசா இருக்கு, பழசு சேர்க்கிறவங்க வெச்சிருக்காங்க.

பண்டல்_பிரியன்:
சுவத்துல மாட்டி வைக்கிறதுக்கும் சரிவுல இறங்குறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?

ஆனா பழசுன்னாலே தள்ளிடுறதும் தப்புதான். நான் பண்டல் கடையில (பழைய துணி விக்கிற கடை) ஜப்பான் மூட்டைகளைத் தேடித் தேடி வாங்குறவன். 25 வெள்ளிக்கு எடுத்த கம்பளி ஸ்வெட்டர் ஏழு குளிர்காலம் ஓடிடுச்சு. கம்பும் அப்படித்தான். எட் ஸ்காட் 1958-ல அலுமினியக் கம்பைக் கொண்டு வந்தார், இன்னிக்கும் நிறைய பேர் கையில அலுமினியக் கம்புதான். கம்பு வளைஞ்சா தெரியும், ஸ்வெட்டர் ஓட்டையானா தெரியும். பூட்ஸும் ஹெல்மெட்டும் அப்படி இல்ல, உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே வெளியில நல்லா இருக்கும். நான் எதை வாங்குறது, எதை விடுறதுங்கிறதை இதை வெச்சுத்தான் முடிவு பண்றேன்.

அப்புறம், ஸ்வெட்டருக்கு அந்துருண்டை போடுறவங்க ஹெல்மெட்டை அதே பெட்டியில வைக்காதீங்க. உள்ளே இருக்கிறது பாலிஸ்டைரின் நுரை, அந்த ஆவி அதைக் கெடுக்கும்.

சீசன்காரன்:
நிசேக்கோ வாடகைக் கடையில ரெண்டு சீசன் வேலை பார்த்தவன் நான். பூட்ஸைப் பத்திப் பேசுறோம், பைண்டிங்கை யாரும் சொல்லலயே? விழும்போது காலை விடுவிக்கிறது அதோட ஸ்பிரிங்தான். அதைச் சோதிச்சு அமைக்க ஐ.எஸ்.ஓ. 11088-ன்னு தரமே இருக்கு. 1994 பைண்டிங்கைத் தயாரிச்ச கம்பெனியே இப்ப ஆதரிக்காது, அதனால கடைக்காரரும் தொடமாட்டார். விட வேண்டிய நேரத்துல விடலன்னா முழங்கால் போயிடும்.

அக்காவோட ஜாக்கெட் யோசனையும் எனக்கு ஒப்பல. கோர்டெக்ஸ் 1976-ல விற்பனைக்கு வந்த சரக்கு, துணிக்குள்ள இருக்கிற நீர்புகாப் படலம் நல்லாவே தாங்கும். தையல் மேல ஒட்டின டேப் தாங்காது. நம்ம ஊர்ப் புழுக்கத்துல பசை விட்டுடும். உள்பக்கம் திருப்பிப் பாருங்க.

பட்டர்வொர்த்_அக்கா:
டேப்பை நான் யோசிக்கல, நீங்க சொல்றது சரி. ஆனா டேப் நல்லா இருந்து, வெளித்துணி மட்டும் தண்ணியை உறிஞ்சினா தூக்கிப் போட வேண்டாம். துவைச்சு, லேபிள்ல அனுமதிச்சிருந்தா டிரையர்ல மிதமான சூட்டுல போடுங்க. துளி மறுபடி உருண்டு ஓட ஆரம்பிக்கும்.

செந்தூல்வாசி:
நேத்து ராத்திரி ஸ்க்ரூ டிரைவரால பூட்ஸோட குதிகாலைக் குத்திப் பார்த்தேன். புட்டு மாதிரி உதிர்ந்துச்சு. அக்கா, மன்னிச்சுக்குங்க. ஜாக்கெட் டேப் தோள்பட்டையில ஒரு சாண் உரிஞ்சிருக்கு. கம்பு நேரா இருக்கு, ஸ்வெட்டர் புதுசு மாதிரி.

புது பைண்டிங் மாட்டி ஸ்கீயை மட்டும் காப்பாத்தலாமா? மாமா ரொம்ப ஆசையா கேட்கிறார்.

சீசன்காரன்:
வேணாம்லா. 1993-ல எலான் கம்பெனியோட எஸ்.சி.எக்ஸ். ரகம் வந்து, நடுவுல ஒடுங்கின ஸ்கீ பரவுச்சு. உங்க மாமாவோடது அதுக்கு முந்தின நேர் ரகமாத்தான் இருக்கும். நிசேக்கோவுல பவுடர் பனி இடுப்பளவு கிடக்கும். அந்த ஒல்லி ஸ்கீ அதுல அமுங்கிடும்.

பண்டல்_பிரியன்:
இதுல நான் மாமா பக்கம். புது பைண்டிங் மாட்டி, சமன்படுத்தின பாதையில ஒரு நாள் ஓட்டுங்க. முதல்ல விளிம்பு இரும்பில துரு எவ்வளவுன்னு கடையில காட்டுங்க தம்பி. துரு மேலோடன்னா தேய்ச்சு எடுத்துடலாம், ஒட்டு விட்டு விளிம்பு பிரிஞ்சிருந்தா வீட்டுலயே வெச்சுட்டுப் போங்க.