பைக் திருட்டுக்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள், இன்சூரன்ஸ்காரர்கள் எஃப்.ஐ.ஆர். கேட்கிறார்கள்

திண்ணைவாசி:
வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த பைக் ராத்திரியோடு போய்விட்டது. ஸ்டேஷனில் மனு வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்தார்கள். "ரெண்டு வாரம் தேடுவோம், கிடைக்கலேன்னா எஃப்.ஐ.ஆர். போடலாம்" என்கிறார் ரைட்டர். மனுவில் "வண்டியைக் காணவில்லை" என்றுதான் எழுதியிருக்கிறோம். வண்டி அப்பா பெயரில் இருக்கிறது. அவருக்கு 68 வயது, அவரையும் நேரில் வரச் சொல்கிறார்கள். அடுத்து என்ன செய்யலாம்?

மனு எழுதுபவன்:
முதலில் மனுவைச் சரிசெய்யுங்கள். "காணவில்லை" என்று இருந்தால் அது தொலைந்த பொருள் கணக்கில் போய்விடும். புதிதாக ஒரு மனு எழுதி, பழைய சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு, "அடையாளம் தெரியாத நபரால் திருடப்பட்டது, வழக்குப் பதிந்து நடவடிக்கை எடுக்கவும்" என்று தெளிவாகக் கேளுங்கள். அதில் இருக்க வேண்டியவை: கடைசியாக வண்டியைப் பார்த்த நேரம், காணாமல் போனது தெரிந்த நேரம், நிறுத்திய இடம், பதிவெண், ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண், சேஸிஸ் எண், நிறம், ஹேண்டில் லாக் போட்டிருந்ததா என்பது. ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்களை இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீது மட்டும். புலன்விசாரணை எஃப்.ஐ.ஆரில்தான் தொடங்கும். 5,000 ரூபாய்க்குக் குறையாத பொருள் திருட்டு என்றால், போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய வேண்டிய குற்றம் (பி.என்.எஸ். என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 303(2)). பைக் எப்படியும் அந்தத் தொகையைத் தாண்டிவிடும். "எங்க எல்லை இல்லை" என்று சொன்னாலும் செல்லாது. பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 173இன்படி எந்த ஸ்டேஷனிலும் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு மாற்றலாம், அதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

கோர்ட் வாசல்:
மேலே சொன்னதோடு ஒன்று. போலீஸ் தரப்பில் 173(3)ஐக் காட்டுவார்கள்: 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்கிறது அது. திருட்டுக்கு 3 ஆண்டு வரை தண்டனை என்பதால் அந்த வாதம் கிளம்பும். ஆனால் அதற்கு டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். "அனுமதி வாங்கியாச்சா?" என்று பணிவாகக் கேளுங்கள். ரைட்டர் சொல்லும் "ரெண்டு வாரம்" பெரும்பாலும் வாய்மொழிதான். தவிர, அந்தப் பிரிவு வழக்கு நடத்த முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். வண்டியைத் தேடிப் பார்த்துவிட்டுப் பதிவதற்கு அல்ல. 2013 லலிதா குமாரி தீர்ப்பிலும் உச்ச நீதிமன்றம், நேரடியாக வழக்குப் பதியும் குற்றம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று சொல்லிவிட்டது.

மறுத்தால் வரிசை இப்படி: ரைட்டரோடு நிற்காமல் இன்ஸ்பெக்டரைப் பாருங்கள். சென்னையில் க்ரைம் பிரிவுக்குத் தனி இன்ஸ்பெக்டர், அவரைக் கேளுங்கள். அடுத்து 173(4)இன்படி எஸ்.பி.க்கு (கமிஷனர் உள்ள நகரங்களில் துணை ஆணையருக்கு) எழுத்து மூலம் தபாலில் அனுப்புங்கள், ஒப்புகைச் சீட்டோடு. அதுவும் பலிக்காவிட்டால், மாஜிஸ்திரேட்டிடம் 175(3)இல் மனு. அதோடு பிரமாணப் பத்திரம் வேண்டும், எஸ்.பி.க்கு அனுப்பியதற்கான ஆதாரமும் வேண்டும். நடுப்படியைத் தாண்டிப் போனால் மனு அங்கேயே தடுக்கும்.

பாலிசி பரமசிவன்:
இன்சூரன்ஸ் பக்கம்: பாலிசி தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் திருட்டுக்கு எதுவும் கிடையாது, முதலில் அதைப் பாருங்கள். காம்ப்ரிஹென்சிவ் (சொந்த வண்டிக்கான இழப்பும் சேர்ந்தது) என்றால், எஃப்.ஐ.ஆருக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே கம்பெனிக்குத் தெரிவித்து க்ளெய்ம் எண் வாங்குங்கள். தாமதத்தைக் காட்டி மறுப்பது வழக்கம். போலீசுக்கு உடனே சொல்லி எஃப்.ஐ.ஆர். பதிந்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணமாக்கி மறுக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இரண்டு சாவியும் கேட்பார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அலட்சியம் என்று வாதாடுவார்கள், அதனால் இரண்டாவதைத் தேடி எடுத்து வையுங்கள். கடைசியில் போலீஸ் "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று அறிக்கை தாக்கல் செய்த பிறகுதான் பணம் வரும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

பக்கத்துக் கடை சிசிடிவி பதிவைக் கேட்டு வாங்கி வையுங்கள். பழைய பதிவு தானாக அழிந்து மேல் பதிவாகிவிடும், ரெண்டு வாரம் கழித்துப் போனால் எதுவும் இருக்காது. இ-சலான் தளத்தில் வண்டி எண்ணை அவ்வப்போது போட்டுப் பாருங்கள். எங்காவது அபராதம் விழுந்திருந்தால் வண்டி ஓடும் ஊர் தெரியும், உடனே ஸ்டேஷனுக்குச் சொல்லலாம்.

திண்ணைவாசி:
நன்றி. அப்பா விஷயம்?

கோர்ட் வாசல்:
புகாரை உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை, நீங்கள் கொடுத்தாலே போதும். சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் பி.என்.எஸ்.எஸ். 179இன்படி 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், பெண்களையும், மாற்றுத்திறனாளிகளையும் அவர்கள் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். அவரே விரும்பி வந்தால் வரலாம். எஃப்.ஐ.ஆரே இல்லாமல் எந்த விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள் என்பது வேறு கேள்வி! இன்சூரன்ஸ் க்ளெய்ம் படிவத்தில் அவர் கையெழுத்து வேண்டும்.

வண்டி கிடைத்துவிட்டால் அது வழக்குச் சொத்து, ஸ்டேஷனிலிருந்து அப்படியே ஓட்டி வர முடியாது. இடைக்காலப் பொறுப்பில் கேட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டு, பாண்டு எழுதிக் கொடுத்து எடுக்க வேண்டும். அந்த மனுவுக்கு ஆர்.சி.யில் பெயருள்ளவர், அதாவது அப்பா, கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.